காருக்குள் புகையும் சிதறும் கவனமும்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

நுரையீரல் பிரிவுக்கு வருகின்ற ஒவ்வொரு குடும்பத்தினரிடமும் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் யாரேனும் புகைபிடிக்கிறார்களா?" "இல்லை டாக்டர், வீட்டுக்குள் யாரும் பிடிப்பதில்லை" என்பதே பலரின் விடை. "காருக்குள்?" என்று தொடர்ந்து கேட்டால் சற்றே மௌனம் நிலவும். "ஓட்டும்போது மட்டும் ஒன்றிரண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான்" என்ற விளக்கம் பிறகு வரும். பின்னிருக்கையில் அமர்ந்து வந்தது ஆஸ்துமா உள்ள குழந்தையாகவும் இருக்கலாம். இதய அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற முதியவராகவும் இருக்கலாம்.

ஓட்டும்போது பிடிக்கும் அந்த ஒரு சிகரெட் இரு வழிகளில் தீங்கு செய்கிறது. காருக்குள் இருப்போரின் நுரையீரலைத் தாக்குவது ஒன்று. ஓட்டுபவரின் கண்ணையும் கையையும் மனத்தையும் சாலையிலிருந்து விலக்குவது மற்றொன்று. முதலாவதைப் பற்றி மருத்துவர்கள் அடிக்கடி பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது குறைவு. இவ்விரண்டையும், இவற்றோடு சேர்ந்து வரும் பிற கவனச்சிதறல்களையும் இக்கட்டுரையில் ஒன்றாகப் பார்ப்போம்.

சாலை விபத்து என்னும் பொதுநலச் சிக்கல்

உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்தே. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலைகளில் உயிரிழந்ததாக மத்திய அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. அதே ஆண்டில் தமிழகத்தில் 64,105 விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் மாண்டனர். உயிர் பிழைத்தும் தலைக்காயத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ வாழ்நாள் முழுவதும் பிறர் துணையை நாடி வாழ்வோர் இக்கணக்கில் சேரவில்லை.

வேகம், மது, தலைக்கவசமும் இருக்கைப்பட்டையும் அணியாமை ஆகியவை யாவரும் அறிந்த காரணங்கள். கவனச்சிதறல் அவ்வாறு வெளிப்படையாகத் தெரிவதில்லை. மதுவை இரத்தத்தில் அளக்கலாம்; வேகத்தைக் கருவியால் அளக்கலாம். விபத்துக்கு மூன்று வினாடிகளுக்கு முன் ஓட்டுநரின் கண் எங்கிருந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் பின்னர் கண்டறிய இயலாது. அதை அறியும் பொருட்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நூறு கார்களில் ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி ஓராண்டு காலம் ஓர் ஆய்வு நடத்தினர். 2006இல் வெளியான அதன் முடிவு, நிகழ்ந்த மோதல்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் சில வினாடிகளுக்கு முன் ஓட்டுநரின் கவனம் வேறிடத்தில் இருந்தது என்று காட்டியது. சாலையிலிருந்து பார்வையை இரண்டு வினாடிகளுக்கு மேல் விலக்கினால் விபத்து வாய்ப்பு இருமடங்காகிறது என்பதும் அதில் தெரியவந்தது.

கண், கை, மனம்

கவனச்சிதறலை மூன்றாகப் பகுப்பது வழக்கம். பார்வை சாலையை விட்டு விலகுவது முதல் வகை. கை ஸ்டீயரிங்கை விட்டு விலகுவது இரண்டாம் வகை. கண் சாலையிலும் கை ஸ்டீயரிங்கிலும் இருக்க, எண்ணம் மட்டும் வேறெங்கோ போவது மூன்றாம் வகை. வானொலி ஒலியைக் கூட்டுவது, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகுவது, குழந்தையின் அழுகைக்குத் திரும்பிப் பார்ப்பது என ஒவ்வொரு செயலும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ சாரும். சிகரெட்டும் கைபேசியும் மூன்றையும் ஒருசேரக் கவர்வன.

வினாடிக் கணக்கை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சிகரெட்டைப் பற்றவைக்கக் கண் மூன்று வினாடிகள் தாழ்ந்தால், 50 மீட்டர் தொலைவு பார்வையின்றியே ஓடிவிடுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க ஐந்து வினாடிகள் செலவிட்டால், அத்தொலைவு 125 மீட்டர்.

அதன் பின்னரே ஆபத்து கண்ணில் படுகிறது. பட்டவுடன் கார் நின்றுவிடுவதில்லை. கண்டதை மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கும் வரை ஏறக்குறைய ஒன்றரை வினாடி கழிகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் உலர்ந்த சாலையில் மேலும் 20 மீட்டர் அளவுக்குக் கார் ஓடியே நிற்கும். மழை நாளில் இன்னும் அதிகம். முழுக்கவனத்தோடு ஓட்டுபவருக்கே இதுதான் நிலை.

சிகரெட் ஓட்டுநரிடம் கேட்பவை

புகைபிடித்தலை ஒரே செயலாக எண்ணுகிறோம். உண்மையில் அது பல செயல்களின் தொகுப்பு. பையிலிருந்து பெட்டியை எடுத்தல், ஒன்றை உருவுதல், லைட்டரையோ தீப்பெட்டியையோ தேடுதல், காற்றில் அணையாமல் கையால் மறைத்துப் பற்றவைத்தல், சாம்பலைத் தட்டுதல், இறுதியில் எறிய இடம் பார்த்தல் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தீப்பெட்டியை உரசுவதற்கு இரு கைகளும் தேவை. கியர் மாற்றும் காராயின் இடர் இன்னும் மிகுதி. விரல்களுக்கிடையே நெருப்பை வைத்துக்கொண்டே கியரையும் ஸ்டீயரிங்கையும் ஆள வேண்டும்.

இழுக்கும்போது சிகரெட் நுனியின் வெப்பம் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அந்தக் கங்கு மடியிலோ இருக்கையின் இடுக்கிலோ விழுந்தால், உடல் தன்னிச்சையாகத் துள்ளும். கண்ணும் கையும் உடனே அங்கே பாயும். அது மன உறுதியால் அடக்கக்கூடிய செயலன்று. சூடு பட்டால் உடல் காட்டும் அனிச்சைச் செயல். வெளியே எறிந்த துண்டு காற்றின் விசையால் பின்சாளரம் வழியே திரும்ப உள்ளே வருவதும் உண்டு. பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் முகத்தில் பட்டால் விழுபவர் அவர்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இன்னொரு வகையில் இடர் தருகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட ஈர்ப்போடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைகிறது. உட்சென்ற அளவில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகிறது. கண்ணின் விழித்திரை ஆக்சிஜன் குறைவை எளிதில் உணரும் உறுப்பு. இருளுக்குப் பழகிப் பார்க்கும் ஆற்றலே முதலில் மங்கும். இரவுப் பயணத்தில் இதைக் கருத்தில் கொள்ளுதல் நன்று.

"புகைத்தால்தான் தூக்கம் வராது" என்று நெடுந்தொலைவு ஓட்டுவோர் பலர் நம்புகின்றனர். நிகோட்டின் சில நிமிடங்கள் விழிப்பு தருவது உண்மையே. ஆனால் பழகிய புகையாளர் உணரும் தெளிவில் பெரும்பங்கு, நிகோட்டின் குறைந்ததால் எழுந்த தவிப்பு அடங்குவதால் வருவது. உடல் கேட்கும் தூக்கத்துக்கு அது ஈடாகாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் உறங்குவதே அதற்குரிய தீர்வு.

இருமல் மயக்கம்

நுரையீரல் மருத்துவர்களாகிய நாங்கள் சிறப்பாக எச்சரிக்க விரும்பும் நிலை இது. நெடுநாள் புகைத்தவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் தொடர் இருமல் வரும்போது, மார்புக்குள் அழுத்தம் மிகவும் உயர்கிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. சில வினாடிகள் நினைவு தப்பிவிடும். வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்தால் தலை சாய்ந்து, உடனே தெளிந்துவிடுவார்; "ஒன்றுமில்லை" என்றும் சொல்வார். அதே சில வினாடிகள் ஸ்டீயரிங்கின் முன் நேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இருமும்போது கண் இருண்டதாகவோ, நினைவு தப்பியதாகவோ ஒருமுறை உணர்ந்தாலும் மருத்துவரிடம் கூறுங்கள். காரணம் கண்டறிந்து சிகிச்சை முடிந்து, மருத்துவர் அனுமதிக்கும் வரை வாகனம் ஓட்டாதீர்கள். தாமே சொல்லத் தயங்கும் நோயாளிக்காக, அதைக் கண்ட மனைவியோ மகனோ மகளோ சொல்லலாம்.

பின்னிருக்கையில் இருப்போர்

காரின் உட்பகுதி சிறியது. அறையில் பரவும் புகையைவிட அங்கே அதன் செறிவு பன்மடங்கு உயர்கிறது. கண்ணாடியை இறக்கினால் குறையும், நீங்காது. குளிரூட்டியை உட்காற்றே சுழலும் நிலையில் வைத்தால் அதே புகை மீண்டும் மீண்டும் சுற்றிவரும். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைவிப்பவை. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதில் தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது. கார் நின்று கதவு மூடிய பின்னும் இருக்கைத் துணியிலும் கூரை விரிப்பிலும் அதன் படிவு தங்கிவிடுகிறது.

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகின்றனர். அவர்களின் மூச்சுக்குழல் குறுகியது. ஆஸ்துமா மோசமாதல், மார்புச் சளி, நடுக்காதுத் தொற்று ஆகியவை புகைச் சூழலில் வளரும் குழந்தைகளிடம் மிகுதி. இதய நோயாளிக்குக் குறைந்த நேரப் புகையே இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும் தன்மையைக் கூட்டப் போதுமானது. இன்ஹேலர் தவறாமல் எடுத்தும் நோய் கட்டுக்குள் வராத நோயாளிகளிடம் காரைப் பற்றியும் நாங்கள் விசாரிப்பது இதனால்தான்.

வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்தும் நோயாளிகளின் குடும்பத்தினர் இதை மிகக் கவனமாக வாசிக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை; ஆனால் அருகிலுள்ள எதையும் கடுமையாக எரியச் செய்யும். நோயாளியின் துணியிலும் முடியிலும் இருக்கையிலும் ஆக்சிஜன் ஊறியிருக்கும். அந்தக் காருக்குள் ஒரு தீப்பொறி போதும். சிலிண்டர் காரில் இருக்கும்போது யாரும், எந்தக் காரணத்துக்காகவும் புகைபிடித்தல் கூடாது. சிலிண்டரை உருளாதவாறு பட்டையால் கட்டி வைத்துக் கண்ணாடியைச் சற்றே திறந்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்லாதீர்கள்.

கைபேசியும் காதுக்கருவியும்

"நான் கையில் பிடிப்பதில்லை, காதில் மாட்டிக்கொண்டுதான் பேசுகிறேன்" என்பார் பலர். கனடாவின் டொரொன்டோ நகரில் கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, பேசிக்கொண்டு ஓட்டும்போது மோதல் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காவதாகக் கண்டது. கையில் பிடிக்காமல் பேசுவோருக்கு அதில் எந்த நன்மையும் தென்படவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வும் அவ்வாறே கூறியது. காரணம் எளிது: கை விடுபட்டாலும் மனம் அழைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. கண் முன்னால் இருப்பதைப் பார்க்கும். மூளை அதைப் பதிவு செய்யாது.

உடன் அமர்ந்து பேசுபவருக்கும் அழைப்பில் பேசுபவருக்கும் வேறுபாடு உண்டு. உடனிருப்பவர் சாலையைக் காண்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அழைப்பில் இருப்பவருக்கு லாரி வருவது தெரியாது. அவர் பேசிக்கொண்டே போவார்.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வழிகாட்டும் வரைபடத்துக்காக, ஓட்டுநரின் கவனம் குலையாத வகையில் பயன்படுத்த மட்டும் 2020இல் விதிவிலக்கு தரப்பட்டது.

புகையைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டம் பேருந்து முதலிய பொது வாகனங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. சொந்தக் கார் பொது இடம் அன்று எனச் சிலர் ஆறுதல் கொள்கின்றனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குட்பட்டோர் உள்ளே இருக்கும் சொந்தக் காரிலும் புகைபிடிப்பது குற்றம். குழந்தையின் நுரையீரலுக்குச் சொந்த வாகனம், பொது வாகனம் என்ற வேறுபாடு தெரியாது.

நோயாளியோடு பயணம் செய்யும்போது

நோயாளியை அழைத்து வருபவரின் மனம் முன்னரே பாரம் சுமந்திருக்கிறது. பின்னால் முனகல் கேட்கிறது. உறவினர் ஒவ்வொருவராக அழைக்கின்றனர். சோதனை முடிவு என்னவாகுமோ என்ற கவலை வேறு. இந்நிலையில் ஓட்டுவோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

1. ஓட்டுபவர் ஒருவர், நோயாளியைக் கவனிப்பவர் ஒருவர் என இருவராவது வாருங்கள். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கும் தேவையே எழக்கூடாது.

2. வாந்திப் பை, தண்ணீர், இன்ஹேலர், மருந்துச்சீட்டு, பழைய அறிக்கைகள் ஆகியவை கவனிப்பவரின் கையில் இருக்கட்டும்.

3. புறப்படும் முன்பே உறவினரில் ஒருவருக்குச் செய்தி சொல்லுங்கள். மற்றவர்கள் அவரையே அழைத்துக் கேட்டுக்கொள்ளட்டும். ஓட்டுபவரின் கைபேசி ஒலியின்றி இருக்கட்டும். வழி வரைபடத்தையும் கார் நகரும் முன்பே அமைத்துவிடுங்கள்.

4. கடும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவிழப்பு, வலிப்பு ஆகியவற்றில் நீங்களே ஓட்டிவர முயலாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும்.

5. வழியில் நோயாளியின் நிலை மாறினால், முதலில் ஓரமாக நிறுத்துங்கள், பிறகு பாருங்கள்.

6. இரவெல்லாம் வார்டில் விழித்திருந்தவர் காலையில் காரை ஓட்டிச் செல்ல வேண்டாம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்குவதாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 விழுக்காடுதான்.

7. மயக்க ஊசி தந்து செய்யும் மூச்சுக்குழல் உள்நோக்கிப் பரிசோதனைக்குப் பின் 24 மணி நேரம் நோயாளி வாகனம் ஓட்டலாகாது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள், கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து ஆகியவற்றைப் பெறும்போது "வாகனம் ஓட்டலாமா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகைப்பழக்கம் உள்ள ஓட்டுநருக்கு

இன்றே முற்றிலும் விட இயலாதவர்களும் காரை மட்டும் இன்றே புகையற்றதாக்கலாம். சிகரெட் பெட்டியையும் லைட்டரையும் பின்புறச் சாமான் பெட்டியில் பூட்டிவிடுங்கள். எட்டாத இடத்தில் இருந்தால் கை தேடாது. சாம்பல் கிண்ணத்தில் சில்லறைக் காசுகளை இட்டு நிரப்புங்கள். உட்புறத்தை ஒருமுறை நன்றாகத் துடைத்துத் தூய்மை செய்யுங்கள். பழைய வாடையே விருப்பத்தைத் தூண்டும். நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடந்து, தண்ணீர் அருந்துங்கள். தவிப்பு எழுந்தால் அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நிகோட்டின் மெல்லுபசை போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர் அறிவுரையோடு பயன்படுத்தலாம்.

புகையை விட விரும்புவோர் எங்கள் நுரையீரல் புறநோயாளிப் பிரிவை அணுகலாம். 1800 112 356 என்ற தேசியப் புகையிலை மீட்பு உதவி எண்ணுக்கும் கட்டணமின்றிப் பேசலாம். பலமுறை முயன்று தோற்றவர் என்ற கூச்சம் வேண்டா. வென்றவர்களில் பலர் அவ்வாறு முயன்றவர்களே.

விபத்தைக் கண்டால்

சாலையில் காயமுற்றவரைக் கண்டால் 108ஐ அழைத்து உதவுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. பணம் இல்லையே என்று தயங்கிக் காலம் கடத்த வேண்டாம்.

காயமுற்று வந்த பின் நாங்கள் செய்யக்கூடியது ஓர் எல்லைக்கு உட்பட்டது. மூளையின் சிதைந்த பகுதியை மீண்டும் உருவாக்கும் மருத்துவம் இன்னும் இல்லை. அடுத்த முறை புறப்படும்போது கைபேசி பையிலும் சிகரெட் வீட்டிலும் இருக்கட்டும். உடன் வருவோர் அதை ஓட்டுநருக்கு அன்போடு நினைவூட்டட்டும். மறுபரிசோதனைக்குக் குறித்த நாளில் நீங்கள் அனைவரும் நலமாக வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.